மீரா மாமாவின் பூனையைப் பசாரில் விட்டேன்

குருண்,
27 பிப்ரவரி

அன்பு மகள் சாந்தினிக்கு அப்பா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம், அந்த டப்ளின் குளிரில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பாய் என்று நம்பித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். போன் இருக்கும்போது அப்பா எதற்குத் தபால் எழுதுகிறார் என்று பயந்துவிடாதே, வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் மறக்கிறாள், கேட்டால் என்னைத்தான் முறைக்கிறாள். உன் தம்பி திவாகரன் பினாங்கிலிருந்து மாதம் ஒரு தடவை வருகிறான், சாப்பிடுகிறான், தூங்குகிறான், கல்யாணப் பேச்சை எடுத்தால் உடனே காரைக் கழுவ எழுந்து போய்விடுகிறான். நீ அனுப்பிய கம்பளிக் காலுறையை இந்த வெயிலில் எங்கே போட்டுக்கொள்வது, அம்மா அதை அலமாரியில் வைத்து வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறாள். அந்த வகையில் அது நன்றாகவே உழைக்கிறது.

போன வாரம் போனில் நீ வழக்கம்போல, கோப்பி எப்படிப்பா இருக்கு என்று கேட்டாய். நான் அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது என்று சொல்லி போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை மா. உன் முகத்தைத் திரையில் பார்த்துக்கொண்டு எனக்குச் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். அந்தப் பூனை கோப்பி இப்போது பக்கத்து வீட்டு மீரா மாமாவிடம் இல்லை. அதற்குக் காரணம் நான்தான். பொறுமையாக முழுதும் படி, பாதியில் போனை எடுக்காதே.

நம் கேட்டை ஒட்டிய அந்தத் துண்டு நிலத்தில் வருடா வருடம் ஆடி மாதத்தில் நான் மஞ்சள் போடுவது உனக்குத் தெரியும். முப்பது வருடம் ஃபேக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவனுக்கு ஓய்வில் வேறு என்ன வேலை. பொங்கல் அன்று காலையில் வேரோடு பிடுங்கி, கழுவி, நம் வரிசையில் இருக்கிற ஒன்பது தமிழ் வீட்டுக்கும் பானையில் கட்டுவதற்கு ஒவ்வொரு கொத்து கொடுத்துவிட்டு வருவேன். கடை மஞ்சளை இந்த வரிசையில் யாரும் வாங்கியதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைப்பானேன். இந்தத் தடவை மூன்று மாதமாகவே பூனை வந்து பாத்தியில் அசிங்கம் செய்தது. நானும் என்னென்னவோ செய்து பார்த்தேன். போத்தலில் தண்ணீர் ஊற்றி வரிசையாக வைத்தால் பூனை பயப்படும் என்றார்கள், வைத்தேன், அது போத்தலில் முதுகைத் தேய்த்துக்கொண்டு போயிற்று. மிளகாய்த்தூள் தூவினேன், நானே இரண்டு நாள் தும்மினேன். மீரா பாயிடம் இரண்டு தடவை நல்லபடியாகத்தான் சொன்னேன், அவர் அடித்துச் சொன்னார், நம்ம கோப்பி அடுக்களைக்குப் பின்னாடி மணல் தொட்டியிலதான்ண்ணே போகும், சாஃபியா இருந்தப்பவே அப்படித்தான் பழக்கி வச்சிருக்கா, வெளியில போகாதுலா என்று. பூனை வைத்திருக்கிற எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள் என்று நான் நினைத்தேன்.

பொங்கல் அன்று கிழக்கு வெளுக்கிற நேரத்தில் பாத்தியில் கையை விட்டேன், கை நேராக அதில்தான் போயிற்று. கழுவினேன், மஞ்சளையும் கழுவினேன், ஆனால் அவசரத்தில் ஒரு கொத்தைச் சரியாகக் கழுவவில்லை போலிருக்கிறது, அது போய்ச் சேர்ந்தது பதினாலாம் நம்பர் வாசுகி வீட்டுக்கு. அவள் கேட்டுக்கு முன்னால் அடுப்பு மூட்டி, பானைக்குப் பொட்டு வைத்துவிட்டு மஞ்சளை எடுத்திருக்கிறாள். உடனே நம் வாசலுக்கே கொண்டுவந்து, என்னாண்ணே இது, மோந்து பாருங்கலா, இதையா பானையில கட்டச் சொல்றீங்க என்று கேட்டாள். அவள் மெதுவாகத்தான் கேட்டாள், ஆனால் வரிசை முழுக்க வாசலில் நின்று பொங்கல் வைத்துக்கொண்டிருந்த நேரம், எல்லாருக்கும் கேட்டது. கொடுத்த மற்ற வீட்டுக்காரர்களும் தங்கள் பானையைப் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போயிற்று சாந்தினி.

அந்த நேரம் பார்த்து மீரா பாய் எல்லாருக்கும் வாழ்த்துச் சொல்ல வெளியே வந்தார், கையில் கோப்பி. எனக்குக் கோபம் வந்தால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அத்தனை பேருக்கு முன்னால், பொண்டாட்டியப் பொதைச்சப்பவே இந்தப் பூனையையும் சேத்துப் பொதைச்சிருக்கணும்யா நீ என்று கத்திவிட்டேன். அவர் பூனையின் தலையைக் கையால் மூடிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார். நீ பரீட்சைக்குப் படித்த வருடம் நானும் அம்மாவும் ஷிப்டில் இருந்தபோது, உனக்கு மத்தியானச் சோறு போட்டுக் கதவைத் தாழிட்டுப் படிக்க வைத்தவள் அவர் மனைவி சாஃபியா. பள்ளிக்கூடத்துக் கால்வாயில் கிடந்தது என்று சட்டைக்குள் வைத்து நீ கொண்டுவந்த குட்டியை, வீட்டுக்குள் பூனை வரக்கூடாது என்று நான் வெளியே தள்ளியபோது, நம்ம வீட்ல வளரட்டும்டா, நீ வந்து பாத்துக்க என்று வாங்கிக்கொண்டவளும் அவள்தான். அவளைப் பற்றித்தான் நான் அப்படிச் சொன்னேன். சொன்ன பிறகாவது அடங்கினேனா, அதுவும் இல்லை.

மாட்டுப் பொங்கலுக்குப் பாடாங் மேஹா எஸ்டேட்டிலிருந்து புவனேஸ்வரன் வந்தான், என் கூட்டாளி, உனக்கு ரம்புத்தான் கொண்டுவருவானே அவன்தான். அவனிடம் மரநாய் பிடிக்கிற கூண்டு இருந்தது, கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். மறுநாள் கருவாட்டுத் தலையைப் போட்டுப் பாத்திக்குப் பக்கத்தில் வைத்தேன், விடிந்து பார்த்தால் உள்ளே கோப்பி. கத்தக்கூட இல்லை மா. நான் பக்கத்தில் போனதும் எழுந்து கம்பியில் உடம்பைத் தேய்த்தது, என்னை அதற்குப் பன்னிரண்டு வருடமாகத் தெரியுமே. கருவாட்டு வாசனைக்கு எந்தப் பூனைதான் வராது, அது அங்கே வந்ததாலேயே அசிங்கம் செய்ததும் அதுதான் என்று ஆகிவிடுமா என்று இன்று கேட்கிறேன், அன்று எனக்கு அந்தப் புத்தி இல்லை. கூண்டின் மேல் கோணிச் சாக்கைப் போட்டு மோட்டாரின் பின்சீட்டில் கட்டி நேராகப் பசாருக்குப் போனேன். நம் ஊரில் வேண்டாத பூனையை எல்லாரும் அங்கேதான் விடுகிறார்கள், மீன் கடையில் குடலும் தலையும் கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும், பாவம் ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொள்வார்கள். நானும் அதையே சொல்லிக்கொண்டு மீன் கடைக்குப் பின்னால் கதவைத் திறந்தேன். அது இறங்கவில்லை. கூண்டைச் சாய்த்துத்தான் இறக்கினேன். வரும் வழியில் ரொட்டிச் சானாய் சாப்பிட்டுவிட்டு வந்தேன், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அன்று சாயந்திரம் மீரா பாய் நம் கேட்டுக்கு வந்தார். நான் கத்தியதைப் பற்றி ஒன்றும் இல்லை, அண்ணே, நீங்க விடியறதுக்கு முன்னாடி எந்திரிக்கிறவரு, கோப்பியப் பாத்தீங்களா என்றுதான் கேட்டார். இல்லை என்றேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் மோட்டார் ஓட்டுவதில்லை, அதனால், கொஞ்சம் கூட வர்றீங்களா, சுத்திப் பாத்துட்டு வந்துருவோம் என்றார். எப்படி மாட்டேன் என்பது, பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். தாமான் குடியிருப்பு முழுக்கச் சுற்றினோம், பள்ளிக்கூடத்துக் கால்வாய், சூராவ் பள்ளிவாசல், ரயில் தண்டவாளத்து ஓரம், பெட்ரோல் ஸ்டேஷன் வரைக்கும் போனோம். ஒவ்வோர் இடத்திலும் அவர் இறங்கி அந்தத் தகரத் தட்டைக் கரண்டியால் தட்டினார், சாஃபியா சாப்பாட்டுக்குத் தட்டுவாளே அதே தட்டு. மூன்று நாள் சாயந்திரமும் போனோம். எல்லா இடத்துக்கும் கூட்டிக்கொண்டு போனேன், பசாருக்கு மட்டும் கூட்டிக்கொண்டு போகவில்லை. மூன்றாம் நாள் வீட்டில் இறக்கிவிட்டபோது என் தோளைத் தட்டி, ஒங்களுக்குத்தாண்ணே ரொம்பச் சிரமம் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றுதான் அம்மாவிடம் சொன்னேன். அவரு பூனையக் கொண்டுபோயி விட்டுட்டு, அவரு கூடவே தேடவும் போனீங்களா என்று கேட்டாள், அதோடு சரி. அதற்குப் பிறகு தேத்தண்ணியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போகிறாள்.

நாலாம் நாள் பாத்தியைக் கொத்தி விடலாம் என்று போனேன், புதிதாக அசிங்கம் கிடந்தது. மறுநாளும் கிடந்தது. அப்போதுதான் ஒரு காலை முழுக்கப் போர்ட்டிக்கோவில் உட்கார்ந்து பார்த்தேன். மூலையில் ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கிற வீட்டில் ஒரு வெள்ளைப் பூனை குட்டி போட்டிருக்கிறது, அதுதான் ஜன்னல் வழியாக இறங்கி வேலியோரமாக நடந்து நம் பாத்திக்கு வருகிறது, வேலையை முடித்துவிட்டுப் போகிறது. மீரா பாய் சொன்னது உண்மைதான். கோப்பி ஒரு நாளும் நம் மண்ணைத் தொடவில்லை.

அன்றே பசாருக்கு ஓடினேன். இதுவரை எட்டுத் தடவை போய்விட்டேன். மீன்காரப் பெண் சிரிக்கிறாள், இங்க நூறு கூச்சிங் இருக்கு பாக்சிக், ஒங்களுது எது என்கிறாள். கறுப்பும் பழுப்புமாக, கோப்பித் தண்ணி நிறத்தில், வயதானது, இடது காது நுனி இல்லாதது என்று சொன்னேன். முதல் ரெண்டு நாள் ஐஸ் பெட்டிக்குக் கீழே ஒன்று படுத்திருந்தது, எதையும் சாப்பிடவில்லை, பிறகு பெரிய ரோட்டுப் பக்கம் போயிற்று என்றாள். வடக்கே போகிற லாரியெல்லாம் ஓடுகிற ரோடு அது. ரோட்டோரமாகவும் நடந்து பார்த்தேன், உயிரோடும் இல்லை, இன்னொரு விதமாகவும் இல்லை. வீட்டுச் சோறும் வீட்டு மணலும் தவிர வேறு அறியாத பூனையை நூறு பூனைக்கு நடுவில் விட்டு, பிழைத்துக்கொள்ளும் என்று சொல்லிக்கொண்டேனே, எனக்கு என்ன சொல்லி அழுவது என்று தெரியவில்லை.

இப்போது நோன்பு தொடங்கி ஒன்பது நாள் ஆகிறது. சாஃபியா போன பிறகும் பாய் அந்த வழக்கத்தை விடவில்லை, முதல் நோன்பு அன்று தானே காய்ச்சிய கஞ்சியை நமக்குத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்து கொடுப்பார். இந்த வருடம் வரமாட்டார் என்று நினைத்தேன், நான் பேசிய பேச்சுக்கு வரக்கூடாது. வந்தார். கேட்டுக்கு வெளியே நின்று, சூடாயிருக்கு, பாத்துப் புடிங்கண்ணே என்று கொடுத்தார். அம்மா எனக்கு ஒரு கிண்ணத்தில் ஊற்றி முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். ஒரு வாய்கூட இறங்கவில்லை. மறுநாள் அம்மா சட்டியைக் கழுவி, வெறும் சட்டியாக அனுப்பக்கூடாது என்று வாழைப்பழம் போட்டு என் கையில் கொடுத்தாள், போய்ச் சொல்லிட்டு வாங்க என்றாள். போனேன், சொல்லத்தான் போனேன். பாய் கதவைத் திறந்ததும் கஞ்சியில உப்பு சரியா இருந்துச்சி பாய் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். தினமும் சாயந்திரம், தான் பட்டினியாக இருக்கிற நேரத்திலும், பின்வாசலில் நின்று அந்தத் தட்டைத் தட்டுகிறார். சோற்றை வைத்துவிட்டு உள்ளே போகிறார், காலையில் அதைக் காக்கை தின்கிறது. எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருக்கிறது மா, ஒவ்வொரு தட்டும் கேட்கிறது.

நீ என் மகள், என் கோபம் உனக்கும் இருக்கிறது, ஆஸ்பத்திரி வார்டில் யாராவது உன்னைக் குறை சொன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வாயைத் திற. இதைவிட நல்ல புத்திமதி சொல்ல இன்றைக்கு எனக்கு யோக்கியதை இல்லை. அந்தக் குட்டியை நீ சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்த அன்றைக்கும் நான்தான் வெளியே தள்ளினேன், பன்னிரண்டு வருடம் கழித்து மறுபடியும் நானே தள்ளியிருக்கிறேன். உன்னிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். அதன் பழைய படம் உன்னிடம் இருந்தால் தேடி எடுத்து அனுப்பு, பசாரில் ஒட்டுவதற்கு வேண்டும், காது நன்றாகத் தெரிகிற படமாக இருக்கட்டும். மூலை வீட்டு வெள்ளைப் பூனைக்கு நான்தான் இப்போது சோறு வைக்கிறேன், வாசுகி பார்த்துவிட்டு, அண்ணனுக்கு என்னாச்சி என்று அம்மாவிடம் கேட்டாளாம். பாத்தியில் இந்த ஆடிக்கு மஞ்சள் போடுவேனா என்று தெரியவில்லை.

தலைக்கு எண்ணெய் வை, நைட் ஷிப்டு முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே, அம்மா அனுப்பிய சாம்பார்த்தூளை அந்த ஊர் ஈரத்தில் மூடாமல் வைக்காதே. நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக முடிய வேண்டும், நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். கடைசியாக ஒன்று, இதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வர இரண்டு வாரம் ஆகும் என்று தபால் நிலையத்தில் சொன்னார்கள், அப்போது பெருநாளுக்கு இன்னும் சில நாள் இருக்கும். அதற்குள் நானே அவரிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருக்கிறேன், ஆனால் என்னை நான் நம்பவில்லை. கிடைத்த அன்றே மீரா மாமாவுக்குப் போன் போடு. அப்பா வந்து ஏதாவது சொன்னாரா என்று மட்டும் கேள். உப்பு சரியாக இருந்தது என்று மட்டும்தான் சொன்னார் என்று அவர் சொன்னால், இந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டு. நான் கத்திய அந்த வார்த்தையையும் விடாமல் படி.

இப்படிக்கு,
உன் அப்பா
அய்யாவு