டி டிரைவில் பத்திரமாக இருக்கிறது என்றாயே

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இருக்கிறபடி இருக்கிறோம். நீயும் மருமகளும் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் எந்தக் கோபத்திலும் நினைக்கிறேன். நலம் விசாரித்தாயிற்று, இனி ஒழுங்காக உட்கார்ந்து படி. போனில் சொல்லலாம் என்றால் நான் குரலை உயர்த்தியதும் உனக்குச் சிக்னல் போய்விடுகிறது. கடிதத்துக்குச் சிக்னல் வேண்டாம், அதனால்தான் கையால் எழுதுகிறேன்.

போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை காலை கம்ப்யூட்டரைப் போட்டேன். பெட்டிக்குள் யாரோ நகத்தால் தட்டுகிற மாதிரி டக் டக் என்று சத்தம். திரை கறுப்பாக நின்றுகொண்டு டிஸ்க் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி காட்டியது. உனக்குப் போன் செய்தேன். மீட்டிங்கில் இருந்தாய். ஹார்ட் டிஸ்க் போயிருக்கும்மா, அது கிழட்டு மெஷின், நான் புதுசா ஒண்ணு ஆர்டர் பண்ணிடுறேன் என்றாய். அப்பாவின் பட்டியல் என்னடா ஆகும் என்று கேட்டதற்கு, அதான் வாராவாரம் டி டிரைவுக்குக் காப்பி பண்றியே, பத்திரமா இருக்கும், டென்ஷன் ஆகாதே என்று சொல்லி வைத்துவிட்டாய். நானும் நம்பினேன்.

அந்தப் பட்டியல் என்னவென்று உனக்கு மறந்திருக்காது, இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கு ஆறும். ஐந்து வருஷத்துக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனதும் முதல் இரண்டு மாதம் அவர் வாயில் இருந்தது ஒரே சொல், சாவி. தண்ணீரும் சாவி, தலைவலியும் சாவி, நானும் சாவி, போனில் உன் படத்தைக் காட்டினால் நீயும் சாவி. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. எந்தத் தேதியில் எந்தச் சொல், எதைப் பார்த்துச் சொன்னார், தானாகச் சொன்னாரா நான் எடுத்துக்கொடுத்தேனா, எல்லாம் எழுதி வைத்தேன். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு சொற்கள். நான்கு வருஷத்துக்கு முன் நீ ஒன்பது நாள் லீவில் வந்தாயே, கடைசியாக வந்தது அதுதான், அப்போது என் நோட்டுகளைப் பார்த்துச் சிரித்தாய். இதெல்லாம் எதுக்கும்மா, கம்ப்யூட்டர்ல போட்டா ஒரு செகண்ட்ல தேடலாம் என்று மூன்று நோட்டையும் நீயே தட்டி ஏற்றிவிட்டு, நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் பழைய பேப்பரோடு சேர்த்துப் போட்டும் விட்டாய். வீடு சுத்தமாச்சு பார் என்று பெருமை வேறு. போகும்போது மானிட்டர் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டினாய்: வெள்ளிக்கிழமை, சி-யிலிருந்து டி-க்குக் காப்பி, மறக்காதே. நான் மறக்கவில்லை மகனே. காய்ச்சலில் படுத்த வெள்ளிக்கிழமைகூட எழுந்து வந்து செய்தேன்.

கடைத்தெருவில் இருக்கும் கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரரிடம் பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். எதைக் கேட்டாலும் பார்க்கலாம் பார்க்கலாம் என்பாரே, அந்தப் 'பார்க்கலாம்'தான். இரண்டு நாள் தன் மெஷினில் மாட்டிப் பார்த்தார், அது டிஸ்க்கை அடையாளமே காட்டவில்லை. உள்ளே சுழல்கிற தட்டைப் படிக்கிற முனையே அதைக் கீறிவிட்டதாம். பரவாயில்லை, சி போனால் போகட்டும், டி-யை எடுத்துக் கொடுங்கள் என்றேன். அந்த மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சி, டி ரெண்டும் ஒரே டிஸ்க்தாம்மா, ஒரே ரூமைத் தடுப்பு வச்சுப் பிரிச்ச மாதிரி, இதைப் பண்ணிக் கொடுத்தது யாரு என்றார். என் மகன்தான், வெளிநாட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கிறான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெரிஞ்ச ஒருத்தர் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இருபத்தாறு வருஷம் துணி மில்லில் ஸ்டோர் கீப்பராக இருந்தவள் நான். முக்கியமான சரக்கை இரண்டு கட்டடத்தில் பிரித்து வைப்போம். ஒரே கிடங்கில் இரண்டு அலமாரியில் வைத்துவிட்டு இரண்டு இடத்தில் வைத்தேன் என்று சொன்னால் மேனேஜர் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். நெருப்புக்கு அலமாரி கணக்குத் தெரியுமா? இந்தச் சின்ன விஷயம் உனக்குத் தெரியாதா? தெரியும். உன் கம்பெனிக்கு இப்படிச் செய்திருப்பாயா? மாட்டாய். அம்மாவுக்கு இது போதும் என்று செய்தாய் பார், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இருநூறு வெள்ளிக்கிழமை ஒரு பைத்தியக்காரி மாதிரி ஒரு அறையிலிருந்து அதே அறைக்குச் சாமான் தூக்கி வைத்திருக்கிறேன். என் மேலும் கோபம்தான், ஒரு தரம் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கலாம். உன் அக்காவிடம் சொன்னால், அவன் பாவம்மா, அங்க எவ்வளவு வேலையோ என்கிறாள். அவளுக்குப் பாவம் என்ற சொல் சல்லிசாகக் கிடைக்கிறது.

இப்போது எதற்கு இவ்வளவு கத்துகிறேன் என்றால், அடுத்த மாதம் பதினான்காம் தேதி அப்பாவுக்குப் பரிசோதனை. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா போன தடவையே சொல்லிவிட்டார், முன்னேற்றம் தெரிந்தால் தொடரலாம், நின்றுபோயிருந்தால் அந்த இடத்தைக் காத்திருக்கிற வேறொருவருக்குக் கொடுக்க வேண்டிவரும் என்று. புது ஆட்களைக் கண்டால் அப்பா வாயே திறக்க மாட்டார். வீட்டில் என்ன பேசுகிறார் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அந்தப் பட்டியல்தான், அதுவும் போயிற்று.

நீ ஆர்டர் செய்த புது மெஷினை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன். கெட்டுப்போனதை எல்லாம் முழுதாகத் தூக்கிப் போடுவதாக இருந்தால் முதலில் எங்கள் இரண்டு பேரைத்தான் போட வேண்டும். 'பார்க்கலாம்'காரரிடம் போய்ப் புது டிஸ்க் மட்டும் வாங்கினேன், சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கிறது. சிஸ்டம் ஏற்ற ஒரு பென் டிரைவும், போர்டில் போடச் சின்னப் பித்தான் மாதிரி ஒரு பேட்டரியும் கொடுத்தார். மாட்டிக் கொடுக்கட்டுமா என்றார், வேண்டாம் என்றேன். இனி இந்தப் பெட்டிக்குள் எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதைச் சாப்பாட்டு மேஜையில் படுக்க வைத்துப் பக்கத்துத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே ஒரு தலையணைக்குப் பஞ்சு அடைக்கலாம், அவ்வளவு தூசி. அப்பா சக்கர நாற்காலியில் பக்கத்தில் உட்கார்ந்து இடது கையால் டார்ச் பிடித்தார். பழைய டிஸ்க்கில் நான்கு திருகு, இரண்டு வயர், ஒன்று மெல்லிசு, ஒன்று அகலம். புதியது பழைய இடத்தில் நிற்காமல் ஆடியது, இரண்டு பக்கம் ஒட்டும் டேப் போட்டு உட்கார வைத்தேன். சிரிக்காதே, 'பார்க்கலாம்'காரரே சரி என்றுவிட்டார்.

திருகைக் கழற்றும்போதெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே கழற்றினேன். மூன்றாவது திருகு வழுக்கிக்கொண்டு வர மறுத்தபோது, எல்லாம் பத்திரமா இருக்கும்னு சொன்னானே, நம்பினேனே என்று அழுதும் விட்டேன். அப்போது டார்ச் வெளிச்சம் பெட்டியை விட்டு விலகியது. நிமிர்ந்து பார்த்தால் அப்பா மானிட்டர் ஓரத்தில் நீ ஒட்டின சீட்டின் மேல் டார்ச்சை அடித்துக்கொண்டிருக்கிறார். முகம் சிவந்துவிட்டது. வாய் கோணிக்கொண்டு, நடுவில் நின்று நின்று, ஆனால் தெளிவாகச் சொன்னார்: அவனை வரச் சொல்லு, நான் திட்டணும். நான் எடுத்துக்கொடுக்கவில்லை. ஐந்து சொல். இதுவரை தண்ணி வேணும் என்ற இரண்டுக்கு மேல் சேர்ந்து வந்ததில்லை. என் கையிலிருந்த ஸ்குரூ டிரைவர் எங்கே போயிற்று என்று அப்புறம் தேடித்தான் எடுத்தேன்.

கம்ப்யூட்டர் ஓடுகிறது. பேட்டரி மாற்றியதால் முதலில் போட்டதும் தேதி பதினைந்து வருஷம் பின்னால் போய் நின்றது. அந்த வருஷம் நீ வீட்டில் இருந்தாய், அப்பா பேசினால் நிறுத்தவே மாட்டார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இன்றைய தேதிக்கு மாற்றினேன். புதுப் பட்டியலில் முதல் வரியாக அந்த ஐந்து சொல்லைத்தான் போட்டிருக்கிறேன். இந்தத் தடவை ஒரு பிரதி நோட்டில் இருக்கிறது, நோட்டு அக்கா வீட்டில் இருக்கிறது.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். பழைய லிஸ்ட் போனா போகட்டும்மா, இந்த அஞ்சு சொல்லை என் முன்னாடி ஒரு தடவை சொல்லட்டும், போதும் என்றார். ஆனால் நான் எத்தனை கெஞ்சியும் அப்பா அதைத் திரும்பச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துக் கையை விரிக்கிறார், எதிரில் ஆள் எங்கே என்கிற மாதிரி. அவர் கேட்பதும் நியாயம்தானே.

ஆகையால் மீட்டிங், லீவு இல்லை, டிக்கெட் இல்லை என்று எந்தச் சாக்கும் சொல்லாமல் பதினான்காம் தேதிக்கு முன்னால் வந்து சேர். மருமகளுக்கு என் ஆசி, அவள்மேல் ஒரு கோபமும் இல்லை. நீயும் நன்றாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு, வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. புது மெஷின், புது போன் ஒன்றும் வாங்கி வராதே, வெறும் கையோடு வா. உன்னைத் திட்டுவதற்காக ஒரு மனிதர் பேசப் பழகிக்கொண்டிருக்கிறார். எதிரில் நின்று வாங்கிக்கொள்.

கோபம் தீராத
உன் அம்மா