மாமா போடாத எண்ணெய்

ஜூன் 9, திங்கள்

கையெழுத்துக்கும் நேரத்துக்கும் மன்னிப்பு. மணி 12.10. பாப்பா இப்போதுதான் தூங்கினாள். மழை வருகிற மாதிரி காட்டி ஏமாற்றிவிட்டது. புழுக்கம்.

நாளைக்கு: ப்ளே ஸ்கூலுக்கு போட்டோ 2, கேஸ் புக்கிங், பாப்பா நகம்.

கார் பிரேக் சத்தம் தாங்கவில்லை. மிதித்தால் கீச்சென்று தெருவே திரும்புகிறது. கீழ்வீட்டு அக்கா: "உன் வண்டி வர்றது சிட்லபாக்கம் ஏரி வரைக்கும் கேக்குதும்மா!" சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அழுகை. வீட்டுக்காரர் கார்த்திக்குக்கு சிறுசேரியில் நைட் ஷிஃப்ட். "ஞாயித்துக்கிழமை பாக்கலாம்." எந்த ஞாயிறு?

ஜூன் 10, செவ்வாய்

வெயில். காலையில் மாமனார் தையல் மிஷின் எண்ணெய் டப்பாவோடு கேட் கீல், ஜன்னல் கொக்கி என்று ஒரு சுற்று. ரிட்டயர் ஆனதிலிருந்து அவருக்கு இதுதான் ஆபீஸ். மாமா உள்ளே போனதும் அதே டப்பாவை எடுத்து, முன்னால் இடது சக்கரத்து இடைவெளியில் தெரிகிற பளபளக்கும் தட்டில் நானே விட்டேன். கேட் சத்தம் நின்றால் இதுவும் நிற்கும் என்று. எம்.காம். மூளை.

தெருவுக்குள் மெதுவாக ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை. நிம்மதி.

ஜூன் 11, புதன்

ஸ்கூல் போகும் வழி, ஏரிக்கரை வளைவு. மிதித்தேன். நிற்காமல் வலப்பக்கம் இழுத்தது. எதிரே ஸ்கூட்டர். ஒரு முழம்தான் இடைவெளி. "இன்னாம்மா, வண்டி ஓட்டிகினு வர்றியா, ஆள சாவடிக்க வர்றியா?" பின்சீட்டில் பாப்பாவுக்கு உதடு கிழிந்து ரத்தம்.

கார்த்திக் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தார். தாம்பரம் மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி மோந்து பார்த்தார். "யாரு சார் ஆயில் வுட்டது? பிரேக் பேடு தேஞ்சா கத்தணும்னே சின்னதா ஒரு தகடு வெச்சிருக்கான். அது தட்டுல உரசி, மாத்து மாத்துன்னு கத்திகினு கீது. நீங்க அது வாய அடைச்சிட்டீங்க. பிரேக்னா புடிக்கணும் சார், வழுக்கக் கூடாது."

கார்த்திக் என் பக்கம் திரும்பவே இல்லை. "அப்பாதான். அவருக்கு எதுல எண்ணெய் போடறதுன்னே இல்ல."

நான் மெக்கானிக்குக்குக் கொடுக்கப் பணத்தை எண்ணினேன்.

ஜூன் 12, வியாழன்

கார்த்திக் கேட்டேவிட்டார். மாமா விழித்தார். "கேட்டுக்குப் போட்டேன்... காருக்குமா போட்டேன்? போட்டிருப்பேன் போல. ஞாபகமே இல்லையேடா." பாப்பாவின் உதட்டைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

சமையலறையில் கார்த்திக், மெல்ல: "போன வாரம் கண்ணாடிய ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சாரு. டாக்டர்கிட்ட காட்டணும். பாப்பாவ அவர்கிட்ட தனியா விடாத."

"ம்" என்றேன். 'ம்' என்று சொன்னேன், சீ.

ஜூன் 13, வெள்ளி

டாக்டர் நாளை பத்தரைக்கு. மாமா ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார்: கேட், போட்டேன். ஜன்னல், போட்டேன். கார், ? தாத்தா என்று பாப்பா ஓடினால் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்.

மணி 1.40. அவர் அறையில் இன்னும் விளக்கு. எழுந்து போய்ச் சொல்ல ஒரு நிமிடம் போதும். போக முடியவில்லை.

கார்த்திக், இது உங்களுக்கு. எண்ணெய் விட்டது நான். அவர் எதையும் மறக்கவில்லை. மூன்று நாளாக உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. இந்தப் பக்கங்களை போட்டோ எடுத்து அனுப்புகிறேன். என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள். ஷிஃப்ட் முடியும்வரை காத்திருக்க வேண்டாம், பார்த்ததும் சீக்கிரம் பதில் போடுங்கள்.