படச்சுருளில் இருந்தது

மஞ்சக்குப்பம், கடலூர்
18-6-2007

அன்புள்ள கொளஞ்சி,

நலம். முழங்கால்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. காடாம்புலியூர் பலாப்பழத்தில் பாதியை உன் மகள் இளமதியிடம் கொடுத்தனுப்பினேன். கிடைத்தது என்று ஒரு வரி எழுத உனக்குக் கை வரவில்லை.

கராச்சியிலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறாள். எழுபத்தொன்று யுத்தத்தில் நான் சுட்டு வீழ்த்திய முதல் விமானத்தை ஓட்டியவரின் மகள். அப்போது இரண்டு வயதாம். உடல் கிடைக்கவில்லை, 'காணவில்லை' என்று ஒரு காகிதம்தான் வந்ததாம். ஓய்வுபெற்ற அதிகாரிகள் சங்கம் வழியாக என்னைப் பிடித்திருக்கிறாள். அவள் கேட்பது ஒன்றுதான். அப்பா வெளியே குதித்தாரா?

என் விமானத் துப்பாக்கியோடு சேர்ந்து ஓடிய கேமராவின் படச்சுருளைக் கழுவியவன் நீ. கமாண்டிங் ஆபீசர் அதைத் திரையில் போட்டபோது நான் உள்ளே வரவில்லை. விமானத்தைத்தான் சுட்டேன், ஆளை அல்ல என்பது என் கட்சி. நீ வெளியே வந்து, "பாரசூட் விரிஞ்சிடுச்சு சார், சாப்பிட வாங்க" என்றாய். சாப்பிட்டேன்.

அதையே அவளுக்கு எழுதப் போகிறேன். வேறு ஏதாவது நினைவிருந்தால் சொல்.

அன்புடன்,
சார்லஸ்

சிதம்பரம்
27-6-2007

மதிப்பிற்குரிய சார் அவர்களுக்கு,

கொளஞ்சியப்பன் வணக்கம். பழம் வந்தது, வீடெல்லாம் இரண்டு நாள் அதே வாசனை. ஆனித் திருமஞ்சனக் கூட்டம் ஓய்ந்து இப்போதுதான் ஸ்டூடியோவில் உட்கார முடிகிறது. பாஸ்போர்ட் போட்டோதான் சோறு போடுகிறது.

அந்தப் பெண்ணுக்குப் பதில் எழுத வேண்டாம் சார். முப்பத்தாறு வருஷம் ஆகிவிட்டது. அந்த நாட்டுக் கடிதம், போலீஸ் விசாரணை என்று வீண் வம்பு. எனக்கும் சரியாக ஞாபகம் இல்லை. முழங்காலைப் பாருங்கள்.

தங்கள் அன்புள்ள,
கொளஞ்சியப்பன்

கடலூர்
2-7-2007

கொளஞ்சி,

எனக்குப் போலீஸ் பயமா? நல்ல கதை. மங்கலம்பேட்டையில் நீ ஆறாவது படித்தபோது யார் யாரை அடித்தான் என்று கிழமையோடு சொல்வாய். இதற்கு மட்டும் ஞாபகம் இல்லையாம்.

போகட்டும். பாரசூட் விரிந்தது, எங்கள் பக்கத்து மண்ணில்தான் இறங்கியிருப்பார் என்று எழுதி வைத்துவிட்டேன். அவள் அம்மா இன்னும் இருக்கிறாளாம். நம் ஜெயில்களில் தேடச் சொல்லி மனுப் போடுவார்களாம். நானும் கையெழுத்துப் போடுவேன். வரும் திங்கட்கிழமை தபாலில் சேர்க்கிறேன்.

சார்லஸ்

சிதம்பரம்
5-7-2007

சார்,

அந்தக் கடிதத்தை அனுப்பாதீர்கள். போனை எடுத்து எடுத்து வைத்தேன், சொல்ல வாய் வரவில்லை. அதனால் இதைக் கூரியரில் அனுப்புகிறேன்.

பாரசூட் விரியவில்லை. நான் சொன்னது பொய். விமானி தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடி மூடி திறக்கவே இல்லை. உள்ளே தலை ஒருதரம் திரும்பியது, பிறகு நெருப்பு. அதோடு படம் முடிந்துவிட்டது. ஆபீசர்களுக்கு விமானம் விழுந்ததே போதும், ஆளைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை.

நீங்கள் வெளியே சுவரோரம் நின்றிருந்தீர்கள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. நம்ம ஜில்லாக்காரர், மறுநாளும் பறக்க வேண்டியவர். ஒரு வேளைச் சோறு இறங்கட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன். அப்புறம் மாற்றிச் சொல்லத் தைரியம் வரவில்லை.

அந்தம்மா ஜெயில் ஜெயிலாக அலைய வேண்டாம் சார்.

கொளஞ்சியப்பன்

கடலூர்
12-7-2007

கொளஞ்சியப்பனுக்கு,

பழைய கடிதத்தைக் கிழித்துவிட்டேன். "உங்கள் அப்பாவைக் கொன்றது நான். அவர் வெளியே வரவில்லை" என்று புதிதாக எழுதி அனுப்பியாகிவிட்டது. எழுதக் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

உன்மேல் கோபம்தான். பொய் சொல்லிச் சோறு போட்டதற்கு இல்லை. அந்தச் சோற்றைத் தின்றுவிட்டு மறுநாள் நான் கை நடுங்காமல் பறந்தேனே, அதற்கு. ஆள் எப்படியும் குதித்துவிடுவான் என்ற நினைப்பில் இரண்டாவது விமானத்தை ரொம்ப நெருங்கிப் போய்ச் சுட்டேன். சாயங்காலம் நான் கேட்பதற்கு முன்னாலேயே நீ வந்து, இவனும் குதித்துவிட்டான் என்றாய். அவனைப் பற்றி விசாரித்து எனக்கு யாரும் எழுதவில்லை.

அந்தச் சுருளையும் நீதான் கழுவினாய். அதில் என்ன இருந்தது? உள்ளதை எழுது.

சார்லஸ்

சிதம்பரம்
16-7-2007

சார்,

இரண்டாவது ஆள் குதித்தார். பாரசூட் விரிந்தது. காற்றில் காலை உதைத்துக்கொண்டு இறங்கியதுகூடப் படத்தில் தெரிந்தது. என் மகள்மேல் ஆணை.

இரண்டு வாரத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் நீங்கள் நம்பியிருப்பீர்கள். இப்போது உங்கள் இடத்தில் நான் இருந்தால் நம்ப மாட்டேன்.

கொளஞ்சியப்பன்