சம்பந்தி கேட்ட உடும்பு

ஓகஸ்ட் 7

இன்றும் பருப்பு. அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரம் "நான் சைவம்" என்று சொன்ன பொய்யை ஒன்றரை வருடமாகத் தின்றுகொண்டிருக்கிறேன். அம்மா தினமும் சாப்பாடு கட்டும்போது முணுமுணுப்பார்: "வாவிக்கரையில பொறந்திட்டுச் சைவமாம்."

சைவம் என்றால் யாரும் மேலே கேட்பதில்லை. மீன், இறைச்சி என்று மச்சம் சாப்பிடுவேன் என்றால் என்ன மச்சம் என்பார்கள். வாவிக்கு மேற்கே, படுவான்கரை ஆள் என்று தெரிந்தால் அடுத்த கேள்வி உடும்புதான்.

மதியம் மேலதிகாரி மரை மான் இறைச்சி வற்றல் கொண்டுவந்தார். காட்டுப் பக்கம் போனபோது யாரோ கொடுத்ததாம். உடும்பைப் போல மரையும் சட்டப்படி தடைதான். "இது ராசா சாப்பாடு" என்றார். எல்லோரும் விரல் சூப்பினார்கள். இரண்டு நிமிடம் கழித்து அதே வாய், படுவான்கரைக்கு மாற்றலாகிப் போகும் இளம் எழுதுவினைஞரிடம்: "கவனம் தம்பி, உடும்பக் காய்ச்சித் தந்திருவானுகள்."

சிரிப்பு. நானும் சிரித்தேன். அதுதான் சீ என்றிருக்கிறது.

பக்கத்து மேசை ஸாதியா மட்டும் சிரிக்கவில்லை. கை கழுவும் இடத்தில் மெல்லச் சொன்னாள்: "எங்கட நபி நாயகத்துக்கு முன்னால ஒருக்கா உடும்பு வச்சாங்களாம். அவங்க சாப்பிடல்ல. சாப்பிட்டவங்களத் தடுக்கவும் இல்ல. இவருக்கு என்னவாம்?"

அவளுக்கு என் ஊர் தெரிந்திருக்கிறது.

ஓகஸ்ட் 13

உதயரூபனின் அம்மா அன்னப்பூரணி வாவிக்குக் கிழக்கே செட்டிபாளையத்திலிருந்து வந்து போனார். மூன்று வருடக் காதலுக்கு ஒருவழியாகச் சம்மதம். தை மாதம் கலியாணம். அப்பா விடியவே எழும்பி வேட்டை நாயைப் பின்வளவில் கட்டிவிட்டார். யாரும் சொல்லவில்லை, தானாகவே.

போகும்போது அன்னப்பூரணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "மகள், எங்கட சொந்தக்காரரிட்ட இந்த வேட்டை, உடும்புக் கதையெல்லாம் எடுக்காதங்க, என்ன?"

"ஓம் மாமி" என்றேன். என் வாயா அது?

ஓகஸ்ட் 19

மாமியின் குரல் செய்தி. முப்பத்தேழு வினாடி. "மகள், மூத்தவள்ர மகன் நிதுர்ஷனுக்கு இழுப்புக் கூடிப்போச்சு. உடும்பு இறைச்சி குடுத்தா நிக்குமாம். அப்பாட்டச் சொல்லி ஒண்டு எடுத்துத் தாங்களன். ஆருக்கும் தெரிய வேணாம்."

எட்டுத் தரம் கேட்டேன். நாங்கள் தின்றால் அசிங்கம். அவர்கள் தின்றால் மருந்து.

ஆஸ்பத்திரியில் நெஞ்சுக் கிளினிக் இருக்கிறது, வாயில் வைத்து இழுக்கிற பம்ப் தருவார்கள் என்று எழுதினேன். "பம்ப் வேணாம், அது பழகிப்போகும்" என்று பதில்.

அப்பாவிடம் சொல்லியிருக்கக் கூடாது.

"பிடிச்சாக் கேஸ் அப்பா."

"ஒண்டுதானே மகள். சம்பந்தி வாயத் துறந்து கேட்டிட்டாங்க."

அவர் முகத்தில் அப்படியொரு சந்தோசம். அவர்களுக்கும் தன்னிடம் கேட்க ஒன்று இருந்ததே என்று. அதைப் பார்த்துத்தான் பேசாமல் விட்டேன்.

ஓகஸ்ட் 21

அப்பாவைப் பிடித்துவிட்டார்கள்.

ஓகஸ்ட் 22

பாதைப் படகில் வாவியைக் கடந்து குருக்கள்மடத் துறையில் இறங்கியதும் பிடித்திருக்கிறார்கள். சாக்குக்குள் உடும்பு உயிரோடு, வாலை வளைத்துக் கழுத்தோடு கட்டியபடி. யாருக்கு என்று கேட்டார்களாம். "எனக்குத்தான் ஐயா. தின்ன."

இன்று பிணையில் வந்தார். அதற்குள் யாரோ எடுத்த படம் முகநூலில். குனிந்த தலை, கையில் உடும்பு. கீழே ஒருவன் எழுதியிருக்கிறான்: வேடன் வேடன்தான். அப்பா வழி வேடர்தான். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? படித்ததும் வெட்கப்பட்டேனே — ஏன்?

"ஏனப்பா பொய் சொன்னீங்க?"

"உண்மையச் சொன்னா அவங்கட மானம் போயிரும். மறுகா கலியாணம் எங்க மகள் நடக்கிற?"

செப்டெம்பர் 2

கலியாணம் நடக்காது. மாமி ஆள் விட்டுச் சொன்னது ஒரே ஒரு வசனம்: "உடும்பு தின்னுற குடும்பம் எண்டு முதலே சொல்லல்லியே."

செப்டெம்பர் 4

வேலை முடிந்து உதயனை வாவிக்கரையில் சந்தித்தேன். மாமியின் அந்தக் குரல் செய்தியைப் போட்டுக் காட்டினேன். அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். முதலே தெரியும் அவனுக்கு.

"மருந்துக்குத்தானே நிருஷா கேட்டவ? தின்னவா கேட்டவ?"

"மருந்தெண்டா என்ன, காதாலயா விடுற?"

"அத அழிச்சிரு. ஆருக்கும் போட்டுக் காட்டிராத."

மூன்று வருடம். கடைசியில் அவனுக்கு வேண்டியிருந்தது அதுதான். கோபம்கூட வரவில்லை. களைப்பு.

செப்டெம்பர் 12

வழக்கு. நீதிமன்ற வாசலில் செட்டிபாளைய ஆட்கள் நாலு பேர் வேறெதற்கோ வந்து நின்றார்கள். அப்பாவைக் காட்டி ஏதோ கதைத்தார்கள். போன் என் கையில். முப்பத்தேழு வினாடி போதும்.

அப்பா என் கையைப் பார்த்தார். "விடு மகள். அந்தப் பொடியனுக்கு இழுப்பு உண்மைதானே."

விட்டேன். உள்ளே போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டப்பணம், எச்சரிக்கை. மேலதிகாரியின் மரைக்கு எந்த நீதிமன்றம்?

செப்டெம்பர் 13

அப்பா பிடிபட்ட நாளிலிருந்து நாய் கட்டியபடியே கிடக்கிறது. அவர் அவிழ்க்கவில்லை.

ஒக்டோபர் 8

மாமியிடமிருந்து — இனி என்ன மாமி — இன்னொரு குரல் செய்தி. இன்னொரு உடும்பு கிடைக்குமா என்று. வெட்கம் கெட்ட சனம். திட்டி அனுப்ப வாய் திறந்தேன். ஆனால் அவர் குரலுக்குப் பின்னால் அந்தப் பிள்ளையின் மூச்சுக் கேட்டது. ஓட்டை விசிலை ஊதுவதுபோல.

பதில் அனுப்பினேன்: "வியாழக்கிழமை விடிய ஏழு மணிக்குப் பெரியாஸ்பத்திரி வாசலுக்கு அவனக் கூட்டிட்டு வாங்க. நம்பர் எடுத்து வைக்கிறன். உடும்பு இல்ல."

ஒக்டோபர் 12

லீவு போட்டேன். வந்தார்கள். கிளினிக் வாசலின் நீள வாங்கில் எனக்கும் தனக்கும் நடுவே ஓர் ஆள் இருக்கும் இடம் விட்டு உட்கார்ந்தார் அன்னப்பூரணி. அவர்கள் ஊர்ப் பெண் ஒருத்தி கண்டுவிட்டு, "இது ஆருகா?" என்றாள். "தெரிஞ்ச புள்ள" என்றார். அவ்வளவுதான் நான்.

நிதுர்ஷன் டொக்டர் காட்டியபடி பம்பை வாயில் வைத்து உறிஞ்சினான். கண்ணை உருட்டினான். "கசக்கல்ல" என்று என்னிடம் சொன்னான்.

பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார்: "பொடியனுக்கு எப்பிடி?"

"மூச்சு வருது."

"ம்." எழும்பிப் போய் நாயை அவிழ்த்துவிட்டார். அது எங்கேயும் ஓடவில்லை. அவர் காலடியிலேயே வந்து படுத்துக்கொண்டது.

இரண்டு செய்தியும் போனில்தான் இருக்கின்றன. அழிக்கவில்லை. போட்டுக் காட்டப்போவதுமில்லை.

அம்மா கேட்டார்: "நாளைக்கும் பருப்புத்தானா?"

"மீன் கட்டுங்கம்மா" என்றேன். "என்ன மச்சமெல்லாம் திம்பாய் எண்டு கேட்டாச் சொல்லுறன்."