பிறின்ஸின் கடைவாய்ப் பல்

1932 மார்ச் 1
இன்றும் இவர் கோட்டுக்குப் பிந்தித்தான் போனாராம். சாவகச்சேரிச் சந்தியில் வண்டிற்குதிரை பிறின்ஸ் தலையை உதறி, வழக்குப் பேசப் போன எங்கள் வீட்டுப் பிறக்கிராசி ஐயாவை வண்டிலோடு மீன்சந்தைக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது. குதிரையோடு இவர் ஆங்கிலத்தில்தான் கதைப்பார். சாதிக் குதிரைக்குத் தமிழ் விளங்காதாம்.

மார்ச் 4
குதிரை மெலிகிறது. குருக்கள் கண்ணூறு என்றார்; நூல் கட்டியாயிற்று. அப்போதிக்கரி பேதிமருந்து தந்தார். இவருடைய சிநேகிதர் கனகரத்தினம், "பிறந்த சீமை நினைப்பு" என்றார். மூவரில் ஒருவரும் குதிரைக்குக் கிட்டப் போகவில்லை.

மார்ச் 7
நான் போய் நின்று பார்த்தேன். புல்லை மென்று மென்று உருண்டையாகத் துப்புகிறது. இலத்தியில் கொள்ளு முழுசு முழுசாகக் கிடக்கிறது. வாயெல்லாம் நாற்றம். இவரிடம் சொன்னேன்.
"குதிரையைப் பற்றி உனக்கென்ன தெரியும்?"
ஒன்றும் தெரியாது. மெல்லாததைக் குடல் செமிக்காது என்று மட்டும் தெரியும்.

மார்ச் 9
ஞாயிற்றுக்கிழமை இவர் பிறின்ஸைச் சுடப்போகிறாராம். துவக்கு இரவல் கேட்டாயிற்று. என்ரை கையை மோந்து மோந்து நிக்கிற சீவன் — எப்பிடி மனம் வருகுது இவருக்கு?

மார்ச் 10
மீன் கொண்டுவரும் குருநகர் லூர்த்தம்மாவுக்கு முன்னால் அழுதுவிட்டேன்.
"அழாதேங்கோ அம்மா. என்ரை அண்ணை சிமியோன் கொழும்பிலை பந்தயக் குதிரையளைப் பராமரிச்சவர். நாளைக்கு வரச் சொல்லுறன்."

மார்ச் 11
இவர் கோட்டுக்குப் போன பிறகு சிமியோன் வந்தார். குதிரையின் நாக்கை ஒருபக்கம் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார்.
"கடைவாய்ப் பல்லு கத்தி மாதிரிக் கூராகிக் கன்னத்தைக் கிழிக்குது. கடிவாளத்தை இழுக்கேக்கை புண்ணிலை படும். தலையை உதறாமல் என்ன செய்யும்?"
நீளப் பிடி போட்ட அரத்தால் ராவினார்.
"நோகாதோ?"
"ராவுறது நோகாது அம்மா. புண்தான் நோ."

மார்ச் 13, ஞாயிறு
ஊறவைத்த கொள்ளை ஒன்றும் துப்பாமல் தின்றது! துவக்கோடு வந்த இவர் நின்று பார்த்தார். "மருந்து வேலை செய்யுது" என்றார். சிமியோன் வந்து பல்லை ராவிப்போனதைச் சொன்னேன்.
"குருநகரானோ? முற்றத்தோடை நிக்கிற சாதி. வெளியிலை மூச்சு விடாதை."

ஏப்ரல் 6
கிளப்பில் இவர் குதிரைப் பல்லைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசினாராம். கைதட்டினார்களாம்.

ஏப்ரல் 9
பேச்சைக் கேட்ட கனகரத்தினம் தன் குதிரையைக் கொண்டுவந்தார். அதுவும் தின்னுதில்லையாம். இவர் சட்டைக் கையை மடித்து, அதன் வாய்க்குள் கையை விட்டார்.
மூன்று விரலில் தையல்.

ஏப்ரல் 11
"அவனை ஒருக்கா வரச் சொல்லு" என்றார் காலையில், சுவரைப் பார்த்தபடி.
சிமியோன் வந்து கனகரத்தினத்தின் குதிரைக்கும் பல் ராவி முடித்தார். அவர் இருக்க நான் முன்விறாந்தையில் ஒரு கதிரை கொண்டுவந்து போட்டேன். கனகரத்தினம் இருமினார். இவர் கதிரையைப் பார்த்தார். கட்டுப்போட்ட கையைப் பார்த்தார்.
"இருங்கோ, சிமியோன்."
தேத்தண்ணி போட நான் உள்ளே போனேன்.