இன்ஹேலரின் பின்பக்கத்து எண்

குண்டுமணியின் அம்மாவுக்கு,

நீயும் அம்மாவும் சுகம்தானே? நான் இங்கே வழக்கம்போல் நலம். நம் மகளுக்கு இழுப்பு அடியோடு நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறாய். மூன்று கடிதமாக அதே வாக்கியம், ஒரு எழுத்துகூட மாறவில்லை. அதுதான் உறுத்துகிறது.

ஆஸ்பத்திரியில் நான் ரத்தம் எடுக்கும் கூடத்தில் இப்போது ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. உடல் பருமனான பிள்ளைகளுக்கு ஆஸ்துமா எவ்வளவு கடுமை என்று ரத்தத்தை வைத்துச் சொல்ல முடியுமா எனப் பார்க்கிறார்கள். நேற்று ஒரு பையன் வந்தான், நம்மவளைப் போலவே புசுபுசுவென்ற கன்னம். "மாசத்துக்கு ஒரு தடவை இழுத்தாலே அதிகம்" என்றாள் அவன் அம்மா. இன்ஹேலரை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். பத்து நாள் முன்பு கொடுத்தது. இருநூறு தடவைக்கான மருந்தில் தொண்ணூறுதான் மிச்சம் என்று பின்பக்கத்து எண் காட்டியது.

"என்னம்மா, இது தானா குறைஞ்சுக்குதா?" என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "இவங்கப்பா வேற ஊர்ல வேலை பாக்குறார். தெரிஞ்சா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவார். அவர்கிட்ட ஒண்ணுமில்லன்னு சொல்லிச் சொல்லி, உங்ககிட்டயும் அதே வாய்ல வந்துடுச்சு."

ஊசி என் கையில் இருந்தது, நினைப்பு உன் கடிதத்தில் இருந்தது.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம், வீட்டு வாசம் இருக்கட்டும். நம்மவள் இன்ஹேலரின் பின்பக்கத்து எண்ணையும் அனுப்பு. எழுதாதே, படம் பிடித்து அனுப்பு.

கூப்பிடுகிறார்கள், போக வேண்டும். என் இருமல் போய்விட்டது என்று எழுதியிருந்தேன் அல்லவா? போகவில்லை. நான் சொல்லிவிட்டேன். இனி நீ சொல்.