முதுகு காட்டிய நாற்காலி

மார்ச் 4
நான் வரைந்த வீதித் திட்டத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது! அக்காவின் கடை இருக்கும் வீதியில் ஒரு மாதச் சோதனை. ஒரு பக்கம் கார் நிறுத்தக் கூடாது. அந்த இடமெல்லாம் நடைபாதை, மரத்தொட்டிகள், அறுபது நாற்காலிகள். பெஞ்சு வேண்டாம் என்று அடம்பிடித்தது நான்தான். பெஞ்சில் உட்காருபவர், வீதியை வரைந்தவர் சொன்ன திசையைத்தான் பார்க்க வேண்டும். நாற்காலி என்றால் அவரவர் இஷ்டம்.

அலுவலகத்தில் மேலாளர், "சங்கிலி போடலன்னா ராத்திரியோட ராத்திரியா காணாமப் போயிடும்மா" என்றார். போனால் போகட்டும் என்றேன்.

வீட்டில் இவர்: "நம்ம கூடத்துல ஒரு நாற்காலி போட இடமில்ல. ஊருக்கு அறுபதா?"

மார்ச் 6
அக்காவிடம் வரைபடத்தைக் காட்டினேன். திரைச்சீலை தைத்து விற்கிறாள். அவளுக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்தேன். "கார் வர்றதுக்கு முன்னாடி வீதின்னா நிக்கிற இடம், பேசுற இடம், விக்கிற இடம். அப்புறம்தான் அது வெறுமனே கடந்து போற இடமாச்சு" என்று வகுப்பே எடுத்தேன். பொறுமையாகக் கேட்டாள்.

"எல்லாம் நல்லாதான் இருக்கு. குடை பிடிச்சவ இருக்கா, நாய் இருக்கு, பலூன்கூட இருக்கு. துணி உருளையத் தோள்ல வெச்சிருக்கிறவங்க எங்கடி?"

எல்லாரையும் படத்தில் வரைய முடியாது என்றேன். சும்மா இருந்திருக்கலாம். எனக்குத்தான் வாய் நிற்காதே.

மார்ச் 9
கடைக்காரர்களின் எதிர்ப்பு மனு வந்தது. முதல் கையெழுத்து அக்காவுடையது. முத்து முத்தான எழுத்து, பாவி.

மார்ச் 12
சோதனை தொடக்கம். எதிரே நூலகப் படியில் உட்கார்ந்து, எந்த நாற்காலி எங்கே நகர்ந்தது என்று படத்தில் குறிப்பது என் வேலை. வேடிக்கை என்னவென்றால், சரியாகவே இருக்கும் நாற்காலியையும் ஒவ்வொருவரும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டுதான் உட்காருகிறார்கள். இழுத்ததும் அது அவர்களுடையதாகிவிடுகிறது.

மதியம் அக்கா சாப்பாட்டுடன் வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள். நாற்காலியை முழுசாகத் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

மார்ச் 13
முதுகு.

மார்ச் 16
இன்றும் அதே. முகம் கொடுத்துப் பேசிப் பத்து நாளாகிறது. "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட" என்று இவர் சிரிக்கிறார். சிரிப்பு வருதாம்! ஒரே தட்டுல சாப்பிட்டு வளந்தவங்க நாங்க. வீதி எப்படியோ போகட்டும் — எனக்கு என் அக்கா வேணும், அவ்ளோதான்.

மார்ச் 18
வீதியில் நிறுத்த இடமில்லாமல் வாடிக்கையாளரின் கார் இரண்டு தெரு தள்ளி நின்றது. அக்கா கனமான உருளையைத் தோளில் போட்டு நடந்தாள். மூச்சு வாங்க, என் நாற்காலி ஒவ்வொன்றிலும் அதை இறக்கி வைத்து வைத்து எடுத்தாள். பார்க்கப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்தேன். அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

காரில் ஏற்றியபின் வாடிக்கையாளரிடம் மட்டும் சொன்னாள்: "இவதான் இந்த வீதிய வரைஞ்சவ. நல்லா வரைவா. தூக்கத்தான் தெரியாது."

தோள் இன்னும் வலிக்கிறது. அவளுக்குத் தினமும் வலித்திருக்கும்.

மார்ச் 19
மூன்று மரத்தொட்டிகளை எடுத்துவிட்டு, சரக்கு ஏற்றி இறக்க மட்டும் வண்டி நிற்க இடம் விடலாம் என்றேன். மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "அக்காவுக்காகன்னு பேசுவாங்களேம்மா."

"பேசட்டும் சார். மரச்சாமான் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் சேத்துதான். சுமக்கிறவங்கள நான் படத்துலயே விட்டுட்டேன்."

மார்ச் 23
சரக்கு இடம் தயார். எல்லாக் கடைக்காரர்களும் மனுவைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள், அவளும்தான். நாற்காலி ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை. மேலாளர் இனிப்பு வாங்கிக் கொடுத்தார்.

அக்கா? முதுகுதான். கல்நெஞ்சக்காரி. இனிப்பு இறங்கவில்லை.

மார்ச் 27
மதியம் அக்கா வந்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். இன்னொன்றையும் இழுத்து அதற்கு எதிரே போட்டாள். அதன்மேல் திரைச்சீலைத் துண்டில் தைத்த மெத்தை ஒன்றை வைத்தாள். பிறகு வீதியே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்:

"ஏண்டி, அந்தக் கல்லுப் படியில எத்தன நாள் உக்காந்திருப்ப? இடுப்பு என்னத்துக்காகும்? சாப்பிட வா!"

அழுதுகொண்டே சாப்பிட்டேன். "உப்பு கம்மின்னு நெனச்சேன், நீயே போட்டுக்கிற" என்றாள்.

மாலை மேலாளர் இன்றைய படத்தைப் புரட்டினார். "எல்லாரும் வீதியத்தான் பாத்து உக்காந்திருக்காங்க. இந்த ரெண்டு நாற்காலி மட்டும் ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டு இருக்கே. யாரும்மா?"

"ஒரு அக்காவும் தங்கச்சியும் சார்" என்றேன்.